பவளத் தொட்டிக்கு எத்தனை லூமென்?

வீட்டுப் பவளத் தொட்டிக்கு விளக்கு வாங்குவோர் முதலில் கேட்பது லூமென் கணக்கை. பொருந்தா அளவுகோல் அது என்பேன். லூமென் மனிதக் கண்ணுக்காக வகுத்த அலகு. 555 நானோமீட்டர்ப் பச்சைக்கே அதில் மதிப்பு மிகுதி. பவளத்தினுள் வாழும் நுண்பாசிகளோ 450 நானோமீட்டரை ஒட்டிய நீலத்தை நன்கு உறிஞ்சுபவை. நமக்கு மங்கலாகத் தோன்றும் நீல விளக்கு அவற்றுக்குப் போதுமானதாகலாம். (வெளிச்சம் வேறு, ஒளி வேறு எனச் சொற்களைப் பிரித்தாள்வது இங்கு உதவும்.) கேட்க வேண்டியது, 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஃபோட்டான்களை எண்ணும் பி.ஏ.ஆர். அளவை, அதையும் விளக்கின் அடியிலன்று, பவளம் அமரும் ஆழத்தில்.

இந்தியாவில் இன்னொன்றும் உண்டு. பாறை கட்டும் கல்பவளங்கள் அனைத்தும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. கடும் ஒளி வேண்டும் அக்ரோபோராவும் அவற்றுள் ஒன்று. அதற்கெனச் செய்த பெருவிளக்கை இங்கு விற்பவர் நம்மை எதை வளர்க்கச் சொல்கிறார்?