வெடிச்சத்தம் எந்தப் பக்கம்? முதலில் அதைக் கேட்போம்

 

எமது ஊரில் பழைய கார் வைத்திருக்கும் எல்லோருக்குமான பதிவு இது. ஏற்றத்தில் எக்சிலேட்டரை அழுத்தி மிதித்தால் "டப் டப்" என்று வெடிக்கிறதா? "காபரேட்டர் போயிருச்சி, மாத்தணும்" என்று யாராவது சொன்னதும் பணத்தை நீட்ட வேண்டாம். எந்தப் பாகத்தை மாற்றினாலும் ஏன் மாற்றுகிறோம் என்பதைக் கேட்டு, கண்ணால் பார்த்து, அதன் பிறகு மாற்றுவோம்.

எமக்கு இது சின்ன விடயம் அல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பிறகும் வரியோடு சேர்ந்த விலை சம்பளக்காரருக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஆகவே இருபது, முப்பது வருடப் பழைய நிசான் சன்னியும் கொரோலாவும் மாருதியும்தான் இன்னும் எம்மைச் சுமக்கின்றன. நடு இரவில் பிள்ளைப்பேற்றுக்கு டிக்கோயா வைத்தியசாலைக்கு ஓடுவதும் அதே கார்தான். தலவாக்கலை வீதியில் லொறியை முந்தும் நேரம் எஞ்சின் வெடித்து இழுவை விட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சும்மா நிற்கும்போது ஒழுங்காக ஓடும் எஞ்சின், மிதிக்கும்போது மட்டும் ஏன் வெடிக்கிறது? அழுத்தி மிதித்தால் சிலிண்டருக்குள் காற்றும் பெற்றோலும் நிறையப் போகின்றன, அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் பிளக்கின் தீப்பொறி பாய்வதற்குக் கூடிய மின்னழுத்தம் வேண்டும். தேய்ந்த பிளக்கும் வெடித்த வயரும் அந்த இடத்தில்தான் கைவிடும். பெற்றோலும் அப்போதுதான் அதிகம் தேவை. பாதி அடைத்த பில்டரின் குணம் அப்போதுதான் வெளியே வரும். ஆகவே கராஜில் நிறுத்தி ரேஸ் பண்ணிப் பார்ப்பது போதாது. மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு ஓர் ஏற்றத்தில் ஓட்டிக் காட்டுங்கள்.

அடுத்த கேள்வி, சத்தம் முன்னாலா பின்னாலா?

முன்னால், காபரேட்டர் பக்கம் துப்பினால், பெரும்பாலும் கலவையில் பெற்றோல் குறைவு. அப்படிப்பட்ட கலவை மெதுவாக எரியும். உள்ளே நெருப்பு அணைவதற்குள் அடுத்த தடவைக்கு வால்வு திறந்துவிடும், நெருப்பு வந்த வழியே திரும்பும். அடைத்த பில்டர், பலம் குறைந்த பெற்றோல் பம்ப், வெடித்த ஹோஸ், காற்று இழுக்கும் கேஸ்கட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மிதிக்கும்போது மேலதிகப் பெற்றோலைப் பீய்ச்சும் சின்னப் பம்ப் காபரேட்டருக்குள் இருக்கும், அதையும் பார்க்க வேண்டும். மொரிஸ் மைனர் வைத்திருப்பவர்கள் எஸ்.யூ. காபரேட்டரின் மேல்மூடியைக் கழற்றி எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். அது வற்றினாலும் இப்படித் துப்பும்.

பின்னால், சைலன்சரில் வெடித்தால், பெரும்பாலும் தீப்பொறி தவறுகிறது. எரியாத பெற்றோல் சூடான குழாய்க்குள் போய் அங்கே எரிகிறது. பிளக், பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, கொயில், டைமிங் என்று பாருங்கள். பிளக் வயர்களை மாற்றிப் பூட்டியிருந்தால் இரண்டு பக்கமும் வெடிக்கும். நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் பெரும்பாலும் 1-3-4-2 என்ற ஒழுங்கு, சிலவற்றில் 1-2-4-3. உங்கள் எஞ்சினுக்கு எது என்று தெரிந்து வையுங்கள்.

பிளக்கைக் கழற்றினால் அது தானாகவே கதை சொல்லும். இளம் மண்ணிறம் என்றால் நல்லது. வெள்ளை என்றால் பெற்றோல் குறைவு. கரிக்கறுப்பு என்றால் பெற்றோல் கூட. நனைந்திருந்தால் அந்தச் சிலிண்டரில் தீப்பொறியே விழவில்லை.

எமது மலைக்கென்று இரண்டு விடயங்கள் உண்டு. ஒன்று ஈரம். மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவ மழையும் பனிமூட்டமும் பழைய வயரில் மின்சாரத்தைக் கசியவிடும். இரவில் விளக்கை அணைத்து, எஞ்சின் ஓட, பொனட்டைத் திறந்து தள்ளி நின்று பாருங்கள். நீல நிறத்தில் பொறி ஓடினால் வயர் போய்விட்டது. கை வைக்காதீர்கள். மற்றது உயரம். அட்டன் கடல் மட்டத்தில் இருந்து 1,200 மீற்றருக்கு மேல். இங்கே காற்று கொழும்பை விடப் பத்தில் ஒரு பங்கு அளவு அடர்த்தி குறைவு. கொழும்பில் டியூன் செய்த காபரேட்டர் இங்கே கறுப்புப் புகை விடும். இங்கே இறுக்கிச் சரிசெய்தது கீழே இறங்கினால் பெற்றோல் போதாமல் துப்பும். அது காபரேட்டரின் பழுது அல்ல, அதன் திருகை எங்கே நின்று திருகினோம் என்பதன் விளைவு.

ஆகவே செலவு குறைந்ததில் இருந்து தொடங்குவோம். பிளக், வயர், மூடி. பிறகு பில்டர், ஹோஸ். பிறகு லைட் பிடித்து டைமிங். பிறகு வால்வு இடைவெளி, கம்ப்ரஷன். இவ்வளவுக்கும் பிறகுதான் காபரேட்டர் மாற்றும் பேச்சு. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். நான்கை ஒன்றாக மாற்றினால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது. கணக்கு பிழைத்த பிள்ளைக்குப் புதுக் கொப்பி வாங்கிக் கொடுப்பதில்லையே, எந்த வரியில் பிழைத்தது என்றுதானே பார்க்கிறோம்?

இதை மெக்கானிக்மார் மீது பழி போட எழுதவில்லை. பாகத்துக்கு என்றால் காசு கொடுக்கும் எமது சமூகம், தேடிப் பார்த்த நேரத்துக்குக் கூலி கேட்டால் முகம் சுளிக்கிறது. "பின்னேரத்துக்குள்ள தாங்க" என்று தலைமாட்டில் நிற்கிறது. பிறகு அவரும் பாகத்தை மாற்றித்தான் சம்பாதிக்க வேண்டும். ஒரு மணி நேரம் நின்று பிழையைக் கண்டுபிடிப்பவருக்கு அதற்கான கூலியை மனதாரக் கொடுப்போம். அது தேவையில்லாத காபரேட்டரை விட மலிவு.

கடைசியாக, உயிர் சம்பந்தப்பட்டது. முன்னால் துப்பும் காரை ஏர் பில்டர் இல்லாமல் ஓட்டாதீர்கள், அந்த நெருப்பைத் தடுப்பது அதுதான். மற்றவர் ரேஸ் பண்ணும்போது காபரேட்டருக்கு மேல் முகத்தை நீட்டாதீர்கள். பெற்றோல் மணம் வந்தால் அன்றைக்கு அந்தக் காரை எடுக்கவே வேண்டாம். வெடிச்சத்தம் கேட்கவென்றே சைலன்சரை வெட்டும் தம்பிமாரே, நோயாளியும் கைக்குழந்தையும் உள்ள லயத்துப் பக்கமாகத்தான் நீங்களும் போகிறீர்கள்.

பழைய கார் வைத்திருக்கும் ஒருவருக்காவது இதைப் பகிருங்கள். அனுபவமுள்ளவர்கள் கீழே எழுதினால் எல்லோருக்கும் பயன்படும், இன்ஷா அல்லாஹ்.