லயத்து மக்களுக்கு நோட்டீஸ் வராது

தோட்டத்தை ஒட்டித் தொழிற்சாலை ஒன்று வரப்போகிறது என்ற செய்தி நம் மக்களுக்கு எப்படித் தெரிய வருகிறது? முதலில் நில அளவைக்காரர்கள் வந்து சிவப்புத் துணி கட்டிய முளைகளை அடித்துவிட்டுப் போகிறார்கள். பிறகு மண்வாரி இயந்திரம் வருகிறது. பால்மரமோ செம்பனையோ, எது நின்றாலும் சாய்கிறது. அதன் பிறகுதான் "இங்கே என்ன கட்டப் போகிறார்கள்?" என்ற கேள்வி லயத்தில் எழுகிறது. அதற்குள் அனுமதிக் கடிதம் கைமாறியிருக்கும்.

இது யாரோ ஒரு குமாஸ்தாவின் கவனக் குறைவு அல்ல. சட்டமே அப்படி அமைந்திருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் நடப்பிலுள்ள 1976-ம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 21-வது பிரிவைத் தொழிலாளத் தோழர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 'ரஞ்சாங்கான் தெம்பாத்தான்' எனப்படும் உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் யாராவது கட்டட அபிவிருத்திக்கு அனுமதி கேட்டால், ஊராட்சி மன்றம் பக்கத்து நிலச் சொந்தக்காரர்களுக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அவர்கள் 21 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். நேரில் வந்து பேசவும் கேட்கலாம். ஆட்சேபித்தும் பயனில்லையென்றால் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் 'சொந்தக்காரர்' என்ற ஒரு சொல்லில் நாம் வெளியே தள்ளப்படுகிறோம். மூன்று தலைமுறையாக அந்த லயத்தில் பிறந்து, அந்தக் காட்டிலேயே பால் வெட்டியவனுக்கு ஒரு சாண் நிலமும் பெயரில் இல்லை. நோட்டீஸ் கம்பெனிக்குப் போகிறது. கம்பெனியோ பெரும்பாலும் கோலாலம்பூரில் இருக்கிறது. தோட்ட ஆபீசுக்குக்கூட அந்தக் காகிதம் வந்து சேர்வதில்லை என்பதைக் கிராணிமார் அறிவர். இதைவிட வேடிக்கை ஒன்றும் உண்டு. கம்பெனி தன் நிலத்தில் ஒரு பகுதியையே தொழிற்பேட்டையாக்க விண்ணப்பித்தால், அனுமதி கேட்பவரும் அவரே, ஆட்சேபிக்க உரிமையுள்ள பக்கத்து நிலக்காரரும் அவரே! தம்மை எதிர்த்துத் தாமே மனுப் போடுவார் என்று யாராவது எதிர்பார்க்க முடியுமா?

தொழிற்சாலை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்வோருக்கு ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவை நாம் நினைவூட்டுகிறோம். அது சீனர்கள் வாழும் புதுக்கிராமம். ஆயினும் அவர்கள் பட்ட பாடு நமக்கும் பாடம். 1982-ல் அங்கே ஏஷியன் ரேர் எர்த் என்ற ஆலை இயங்கத் தொடங்கிற்று. ஈயச் சுரங்கக் கழிவான அமாங்கிலிருந்து கிடைக்கும் மோனசைட்டைக் கொண்டு அருமண் பொருள்களைப் பிரித்தெடுப்பது அதன் வேலை. மிஞ்சுவது தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவு. 1984-ல் அக்கழிவைப் புதைக்கப் பாப்பானில் குழி வெட்டியபோது அவ்வூர் மக்கள் திரண்டு எதிர்த்தார்கள்.

1985 பிப்ரவரியில் புக்கிட் மேராவாசிகள் எட்டுப் பேர் ஈப்போ உயர் நீதிமன்றம் ஏறினார்கள். அவ்வாண்டு அக்டோபரில் தற்காலிகத் தடை கிடைத்தது. 1987 பிப்ரவரியில் அணுசக்தி உரிம வாரியம் ஆலைக்கு லைசென்ஸ் வழங்கிற்று; இயந்திரம் மறுபடியும் ஓடியது. அதே ஆண்டு செப்டம்பரில் ஆரம்பமான விசாரணை இடைவிட்டு இடைவிட்டு 65 நாள் நடந்தது. 1992 ஜூலை 11-ல் ஆலையை மூட வேண்டுமென்று தீர்ப்பாயிற்று. ஊரே மகிழ்ந்தது. 1993 டிசம்பர் 23-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. கம்பெனியின் நிபுணர்கள் சொன்னதைக் குறைகூற இயலாது, மக்கள் முதலில் லைசென்ஸ் வாரியத்திடம் முறையிட்டிருக்க வேண்டும் என்பது அதன் முடிவு. அடுத்த மாதமே கம்பெனி தானாகவே ஆலையை மூடுவதாக அறிவித்தது. நீதிமன்றத்தில் தோற்றவர்கள் ஊரில் வென்றார்கள் என்று சொல்லலாம். ஆனால் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆலை எழுந்துவிட்டால், கெடுதி உண்டென்று நிரூபிக்கும் பாரம் நம் தலையில் விழுகிறது. ஒரு பால்வெட்டுத் தொழிலாளி அயல்நாட்டு நிபுணருக்குப் பதில் நிபுணரை எங்கே தேடுவான்?

நீதிமன்றங்களின் பார்வை சற்று விரிந்து வருகிறது என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். தாமான் ரிம்பா கியாரா வழக்கில் 2023 ஏப்ரல் 18 அன்று கூட்டரசு நீதிமன்றம் கோலாலம்பூர் மாநகராட்சி கொடுத்த அனுமதியின் ரத்தை உறுதி செய்தது. வழக்காடிய குடியிருப்பாளர் சங்கத்துக்கு வழக்காடும் தகுதி உண்டென்றும் ஏற்றுக்கொண்டது. அது தலைநகருக்கான வேறு சட்டத்தின் கீழ் வந்த வழக்கு. ஆயினும் அதன் கருத்து நமக்கு உதவும். அத்தீர்ப்பில் நமக்கு ஒரு மனவருத்தமும் கலந்திருக்கிறது. முன்னாள் புக்கிட் கியாரா தோட்டத் தொழிலாளர்களுக்கு நெடுங்காலமாகச் சொல்லிவந்த வீடுகளும் அதே திட்டத்துக்குள்தான் இருந்தன. பூங்காவுக்காகப் போராடியவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. வீட்டுக்காகக் காத்திருந்த நம்மவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. இருவரையும் எதிரெதிரே நிறுத்திய திட்டத்தைத்தான் நாம் குறை சொல்கிறோம்.

தொழிற்சாலையே வேண்டாம் என்பது நம் வாதமல்ல. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும்.

'சொந்தக்காரர்' என்பதோடு 'சட்டப்படி அங்கே குடியிருப்போர்' என்பதையும் சட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று அரசாங்கத்தை வற்புறுத்துகிறோம். அறிவிப்பு மலாயிலும் தமிழிலும் பெரட்டுக் களத்தில் தொங்க வேண்டும்.

சட்டம் திருந்தும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. உள்ளூர்த் திட்டத்தின் நகலை ஊராட்சி மன்றம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும்போது, நிலமில்லாதவரும் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். எந்த மண் தொழிலுக்கு, எந்த மண் குடியிருப்புக்கு என்பது அங்கேதான் முடிவாகிறது. பத்திரிகையில் மலாய் மொழியில் வரும் அந்த அறிவிப்பைக் கவனித்து லயத்தில் படித்துச் சொல்லும் பொறுப்பு கிராணிமாரைச் சேர்ந்தது; அதில் ஆபீஸ் இரகசியம் எதுவும் இல்லை. அனுமதி கொடுத்தாகிவிட்டால் நீதிமன்ற மறு ஆய்வுக்கு 3 மாதமே அவகாசம். எனவே முளை அடித்த தேதி, இடம், பார்த்தவர் பெயர் மூன்றையும் கிளைச் செயலாளர்கள் அன்றே குறித்துச் சங்க அலுவலகத்துக்கு அனுப்பிவைக்கக் கோருகிறோம்.