ஆறு பேரும் ராஜாவா?



போக்கிமான் என்று பேச்சு எடுத்தாலே நம்ம பசங்க கேட்கிற முதல் கேள்வி, "எதுடா ரொம்ப ஸ்ட்ராங்?" என்பதுதான். இந்தக் கேள்வியே தப்பு என்பது என் கட்சி. "எந்த ஆறு ஒண்ணா நின்னா ஸ்ட்ராங்?" என்றுதான் கேட்க வேண்டும்.

விளையாடாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 1996-ல் ஜப்பானில், கேம் பாய் என்ற கையடக்கக் கருவிக்காக வந்த விளையாட்டு இது. உருவாக்கியவர் சதோஷி தாஜிரி. சிறு வயதில் பூச்சி பிடித்துத் திரிந்த பழக்கம்தான் அவருக்கு இந்த யோசனையைத் தந்தது. முதலில் 151 பிராணிகள். இன்று ஆயிரத்துக்கு மேல்! ஆனால் எத்தனை பிடித்தாலும் அணியில் ஆறுக்குத்தான் இடம். ஒவ்வொன்றுக்கும் நான்கே நான்கு வித்தைகள். எதை எடுப்பது என்பதைவிட எதை விடுவது என்பதுதான் மண்டையைக் குடையும்.

நம்ம ஆட்கள் என்ன செய்கிறார்கள்? சார்மாண்டரை எடுத்து, எல்லாச் சண்டைக்கும் அதையே அனுப்பி, சாரிஸார்டாக வளர்த்து விடுகிறார்கள். அது 70-வது லெவலில் நிற்கும். மற்ற ஐந்தும் 20-ல் தூங்கும். கதைப் பகுதியை இப்படியும் முடித்து விடலாம், மறுக்கவில்லை. ஆனால் உலகப் போட்டியில் 50-க்கு மேல் எந்த லெவலாக இருந்தாலும் 50 என்றுதான் கணக்கு. லெவல் பலம் போச்சு! அப்புறம்? சாரிஸார்ட் நெருப்பும் பறத்தலும் கலந்தது. இரண்டுக்குமே பாறை ஆகாது. இரண்டு மடங்கு, இரண்டு மடங்கு, ஆக நான்கு மடங்கு அடி. சரியான கல் ஒன்று விழுந்தால் ஹீரோ காலி!

"அப்போ ஆறும் டிராகனா வச்சுக்கிறேன்" என்பான் ஒருவன். எதிரியிடம் நல்ல பனி வித்தை ஒன்று இருந்தால் ஆறில் பெரும்பாலானவை வரிசையாகச் சாயும். போதாததற்கு 2013-ல் ஃபேரி என்றொரு வகை வந்தது. டிராகன் அடி அதன்மேல் படவே படாது. முதல் விளையாட்டில் சைக்கிக் வகைதான் ராஜா. எதிர்க்க உருப்படியான ஆள் இல்லை. 1999-ல் இருள், இரும்பு என்று இரண்டு புது வகைகளைச் சேர்த்து அதன் கொட்டத்தை அடக்கினார்கள். எந்த ராஜாவுக்கும் ஒரு முடிவு உண்டு நண்பா!

இப்போது என் கட்சிக்குச் சாட்சி. 2014-ல் வாஷிங்டன் நகரில் உலகப் போட்டி. கொரியாவின் சே ஜுன் பார்க் தன் அணியில் பாச்சிரிசு என்ற மின்சார அணிலைச் சேர்த்திருந்தார். அதன் பலங்களையெல்லாம் கூட்டினால் 405. அதே அணியில் இருந்த கார்ச்சாம்புக்கு 600. அணிலை எதற்குச் சேர்த்தார்? அந்தப் போட்டியில் ஒரே நேரத்தில் பக்கத்துக்கு இரண்டு பேர் நிற்பார்கள். அணிலிடம் ஒரு வித்தை உண்டு: பக்கத்தில் நிற்பவனுக்கு வருகிற அடியைத் தன் பக்கம் இழுத்துக் கொள்ளும். கூட நின்ற கியாரடோஸுக்கு மின்சாரம் என்றால் ஆகாது. இதுவோ மின்சாரத்தைக் குடித்துத் தெம்பாகி விடும்! இன்னொரு வித்தை, எதிரியின் மீதி உயிரில் சரிபாதியைக் கடித்துப் போடும். அதற்குச் சொந்த பலமே தேவையில்லை. இந்த அணிலோடு பார்க் உலகச் சாம்பியன் ஆனார்.

பலவீனமானதெல்லாம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. பாச்சிரிசுவை இரக்கப்பட்டுச் சேர்க்கவில்லை. அதற்கு ஒரு வேலை இருந்தது. அதை மட்டும் காப்பி அடித்து உங்கள் அணியில் போட்டால் தோற்றுத்தான் போவீர்கள். ஆகவே ஒவ்வொன்றையும் சேர்க்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இது யாரை அடிக்கும்? இதை யார் அடிப்பார்கள்? அப்படி அடிக்க வரும்போது குறுக்கே யார் நிற்பது? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அது அணியல்ல, கூட்டம்.

"விளையாட்டுக்கு இவ்வளவு பேச்சா?" என்று சிரிக்காதீர்கள். ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு நாம் பேட்ச் பிரிக்கிற லட்சணம் என்ன? டாப்பர் நாலு பேர் ஒரு பேட்ச். மிச்சம் இருப்பவர்கள் மிச்சப் பேட்ச். லேத்தில் கை சுத்தமாகக் கடைகிறவன், கடை கடையாக ஏறி இறங்கி மலிவாகச் சாமான் வாங்கி வருகிறவன், வைவாவில் பதறாமல் பதில் சொல்கிற தோழி... இதற்கெல்லாம் மார்க் ஷீட்டில் கட்டம் கிடையாது. ரெண்டு அரியர் இருக்கிறது என்பதற்காக ஒருவனை யாரும் கூப்பிடாமல், கடைசியில் சார் பார்த்து எங்காவது ஒட்டி விடுகிறார். அவனும் மூன்று மாதம் ஓரமாக நின்று, ரெக்கார்டில் பெயரை மட்டும் போட்டுக் கொண்டு போகிறான். நஷ்டம் அவனுக்கு மட்டுமா? மிஷின் ஓடாமல் நிற்கும்போது நாலு டாப்பர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்களே, அதுவும்தான்!

அடுத்த பேட்ச் லிஸ்ட் எழுத உட்காரும் ஜூனியர் தம்பி, தங்கைகளே! ரேங்க் பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். யாருக்கு என்ன வித்தை தெரியும் என்று முதலில் கேளுங்கள்!