தேவேந்திரமுனைத் திமிங்கிலங்கள்

2012-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த ஒரு சரக்குக் கப்பலின் முகப்பில் நீலத் திமிங்கிலம் ஒன்றின் பிரேதம் குறுக்கே சிக்கியிருந்தது. உலகத்தில் இன்றுள்ள பிராணிகள் எல்லாவற்றிலும் பெரிய பிராணி, முட்டிய வண்டியின் முகப்பில் ஒட்டிக்கொண்டு வரும் பூச்சியைப் போல் துறைமுகத்துக்குள் வந்து சேர்ந்தது. அந்தப் படம் பத்திரிகைகளில் வந்தது, பார்த்தவர்கள் பரிதாபப்பட்டார்கள், பிறகு மறந்தார்கள். ஆனால் அன்று துறைமுகத்துக்கு வந்தது ஒரு பிரேதம் மட்டுமல்ல, ஒரு சாட்சியம் என்பதே நமது அபிப்பிராயம். நீலத் திமிங்கிலம் இறந்தால் அதன் உடல் பெரும்பாலும் கடலில் அமிழ்ந்துவிடும். கப்பல் மோதி மாண்டவற்றில் கரைக்கு வந்து முறையிடுபவை சிலவே.

இலங்கையின் தென்கோடி தேவேந்திரமுனை. அந்த இடத்தில் கரையை அடுத்தே கடல் திடீரென்று ஆழமாகிவிடுகிறது. ஆழத்திலிருந்து மேலெழும் சத்துநீரால் அங்கே சிற்றுயிர்கள் பெருகுகின்றன. நம் மீனவர் கூனி என்று சொல்லும் இனத்தைச் சேர்ந்த சிற்றிறால்களைத் தின்பதற்கு நீலத் திமிங்கிலங்கள் அங்கு கூடுகின்றன. மற்றச் சமுத்திரங்களில் வாழும் நீலத் திமிங்கிலங்கள் பெரும்பாலும் இரைக்காகக் குளிர்ந்த கடல்களை நாடிச் செல்கின்றன. வட இந்து சமுத்திரத்தில் வாழும் இந்த வகையோ வெப்பக் கடலைவிட்டு நீங்குவதில்லை. ஆகவே இதைத் தங்கள் கரையோரத்துக் குடி என்று சொல்லும் உரிமையும், காப்பாற்றும் பொறுப்பும் இந்தச் சமுத்திரத்தைச் சுற்றியுள்ள நாடுகளுக்கே உண்டு.

அதே தேவேந்திரமுனையைச் சுற்றித்தான் சூயஸ் கால்வாய்க்கும் மலாக்கா ஜலசந்திக்கும் இடையே போகிற கப்பல்கள் இரவும் பகலும் செல்கின்றன. உலகத்திலேயே மிக நெரிசலான கப்பல் வழிகளில் அது ஒன்று. மேற்கே செல்லும் கப்பல்களுக்கு ஒரு பாதையும், கிழக்கே செல்லும் கப்பல்களுக்கு ஒரு பாதையுமாக, கரையிலிருந்து சில மைல் தூரத்தில் அந்த வழி வகுக்கப்பட்டது. வகுத்தவர்கள் கப்பலோடு கப்பல் மோதாமலிருப்பதற்கு வழி தேடினார்கள். கப்பலோடு திமிங்கிலம் மோதுமென்று அவர்கள் நினைக்கவில்லை. இதற்காக அவர்களைக் குறை கூற மாட்டோம். அன்று எவரும் திமிங்கிலங்கள் எங்கே நிற்கின்றன என்று கணக்கெடுக்கவில்லை. கணக்கெடுத்த பிறகும் பழைய வழியையே வைத்துக்கொண்டிருப்பவர்களைப் பற்றித்தான் நமக்குக் குறை.

கணக்கு என்ற சொல்லை நாம் வேண்டுமென்றே உபயோகிக்கிறோம். ஏனெனில், இந்தத் திமிங்கிலங்கள் ஒரு முறை பொய்க் கணக்கினால் அழிந்தன. 1963-ஆம் வருஷம் முதல் 1966 வரையில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் அரபிக் கடலிலும் அதை அடுத்த வட இந்து சமுத்திரப் பகுதிகளிலும் புகுந்து 1,294 நீலத் திமிங்கிலங்களைக் கொன்றன. சர்வதேசத் திமிங்கில வேட்டைக் கமிஷனுக்கு அந்தக் கப்பல்கள் கொடுத்த கணக்கில் இந்த உண்மை மறைக்கப்பட்டது. சோவியத் ஆட்சி கவிழ்ந்த பின்னரே பழைய தஸ்தாவேஜுகள் வெளிவந்து உலகம் உண்மையை அறிந்தது. இதற்கிடையில், 1979-ஆம் வருஷத்தில் அந்தக் கமிஷன் இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலங்களின் புகலிடமாகப் பிரகடனம் செய்தது. நல்ல காரியமே. ஆனால் அந்தப் பிரகடனம் ஈட்டி எறிபவனுக்கு மட்டுமே தடை. கப்பலின் முகப்பைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. ஈட்டியால் கொன்றால் குற்றம். இரும்பு முகப்பால் கொன்றால் விபத்து! இறந்த பிராணிக்கு இவ்விரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம்.

பிறகு மெய்க் கணக்கு எழுதப்பட்டது. 2003-ஆம் வருஷத்தில் ஆஷா டி வோஸ் என்னும் இலங்கைப் பெண்மணி, ஓர் ஆராய்ச்சிக் கப்பலிலிருந்து, தென்கடலில் நீலத் திமிங்கிலங்கள் கூட்டமாக நிற்பதையும் அவற்றின் செந்நிற எச்சம் நீரில் மிதப்பதையும் கண்டார். எச்சம் இருந்தால் இரை தின்றிருக்க வேண்டும். ஆகவே இவை வழிப்போக்கர்களல்ல, இங்கேயே உண்டு வாழ்கிறவை என்று அவர் துணிந்தார். அதுமுதல் ஆராய்ச்சிப் படகுகளிலிருந்தும், மிரிஸ்ஸைத் துறையிலிருந்து திமிங்கிலம் காட்டச் செல்லும் உல்லாசப் படகுகளிலிருந்தும், கண்ட இடம், கண்ட நேரம், கண்ட எண்ணிக்கை ஆகியவை குறிக்கப்பட்டு வந்திருக்கின்றன. ஒவ்வொரு திமிங்கிலத்தின் முதுகிலும் உள்ள புள்ளிகளும் கறைகளும் ஒவ்வொரு விதமானவை. படம் பிடித்து ஒப்பிட்டால் இன்ன திமிங்கிலம் என்று அடையாளம் சொல்லலாம். கைரேகையை ஒத்த சாட்சியம் இது.

இவ்விதம் சேர்ந்த ஞானத்தின்மேல், ருகுணு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் வேற்றுநாட்டு நிபுணர்களும் கூடிக் கடலை நேர்கோடுகளாக வகுத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் படகு செலுத்தித் திமிங்கிலங்களை எண்ணினார்கள். கப்பல்கள் ஓயாமல் வெளியிடும் இட அடையாளச் செய்திகளைக் கொண்டு கப்பல்களின் நெருக்கத்தையும் கண்டார்கள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, திமிங்கிலங்கள் மிகுதியாகக் கூடும் இடமும் கப்பல்கள் மிகுதியாகச் செல்லும் இடமும் ஒன்றாகவே இருந்தன. 1916-இல் இதை அறியாதது குற்றமாகாது. 2016-இல் இந்த ஆராய்ச்சி பிரசுரமான பின்பு அறியாதது போலிருப்பது குற்றமே. கப்பல் வழியை 15 கடல் மைல் தெற்கே நகர்த்தினால், மோதும் அபாயம் 100-க்கு 95 பங்கு குறைந்துவிடும் என்பது அந்த ஆராய்ச்சியின் முடிவு. பொதுவிவகாரங்களில் நோயும் இவ்வளவு தெளிவாக, மருந்தும் இவ்வளவு எளிதாக அமைவது அபூர்வம்.

திமிங்கிலம் தானே விலகிக்கொள்ளாதா என்று சிலர் கேட்கக்கூடும். விலகாது. கப்பல் நெருங்கும்போது நீலத் திமிங்கிலம் பக்கவாட்டில் ஓடுவதில்லை. மெல்ல நீருக்குள் அமிழவே முயல்கிறது. அது அமிழ்வதற்குள் கப்பல் அதன் மேல் வந்துவிடுகிறது. தன்னைவிடப் பெரிய எதிரி தன்மேல் பாய்ந்து வரும் என்பதை அதன் இனம் கோடி வருஷங்களிலும் கண்டதில்லை.

வழியை மாற்றுவது புதுமையான யோசனையுமல்ல. கனடாவில் ஃபண்டி வளைகுடாவில், 'ரைட்' திமிங்கிலம் என்னும் அருகிப்போன இனத்தைக் காப்பதற்காக, 2003-ஆம் வருஷத்திலேயே கப்பல் வழி நகர்த்தப்பட்டது. அமெரிக்கா 2007-இல் பாஸ்டன் துறைமுகத்துக்குச் செல்லும் வழியை வடக்கே திருப்பியது. இருபத்தைந்து வருஷங்களாகக் கண்டு குறித்த குறிப்புகளே அந்த மாற்றத்துக்கு ஆதாரம். 2008-இல் அந்நாடு, 65 அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பல்கள் குறித்த பருவத்தில் குறித்த இடங்களில் மணிக்கு 10 கடல் மைலுக்கு மேல் செல்லக் கூடாதென்று விதி செய்தது. அங்கெல்லாம் வியாபாரம் நின்றுவிடவில்லை; துறைமுகங்கள் மூடப்படவில்லை.

இனி ஆட்சேபங்களைக் கவனிப்போம். பாதை நீண்டால் எண்ணெய்ச் செலவு கூடும் என்பது முதல் ஆட்சேபம். 15 மைல் தெற்கே விலகினால் பயணம் 15 மைல் நீளும் என்று நினைப்பது தவறு. ஆயிரக்கணக்கான மைல் செல்லும் கப்பல், தேவேந்திரமுனைக்கு வெகு தூரத்திலிருந்தே சிறிது சிறிதாகத் திரும்பி வந்தால், அதிகமாகும் தூரம் அற்பமே. கப்பல்கள் தூரத்தில் சென்றால் காலி, அம்பாந்தோட்டைத் துறைகளில் உணவுப் பொருளும் எண்ணெயும் விற்கும் வருமானம் குறையும் என்பது இரண்டாவது ஆட்சேபம். இதை அற்பமென்று நாம் தள்ளமாட்டோம். கடன் சுமையால் நொந்த ஒரு நாட்டுக்கு ஒவ்வொரு காசும் காசுதான். ஆனால் துறைக்கு வர வேண்டிய கப்பலை வரவேண்டாமென்று யார் சொன்னார்கள்? வழியைவிட்டு விலகித் துறைக்கு வருவதை எந்த விதியும் தடுக்கப் போவதில்லை. மேலும், திமிங்கிலம் பார்க்க வரும் யாத்ரிகர்களால் மிரிஸ்ஸைக்குக் கிடைக்கும் வருமானமும் வருமானமே. கப்பல்கள் தூர விலகினால் கரையோரத்து மீன்பிடி வள்ளங்களில் இருக்கும் மனிதர்களுக்கும் அபாயம் குறையும் என்பதை ஆட்சேபிப்பவர்கள் ஏனோ சொல்வதில்லை.

இந்த ஆட்சேபங்களுக்குச் சரியான பதிலை ஒரு கப்பல் கம்பெனியே கொடுத்துவிட்டது. உலகத்தின் பெரிய சரக்குப்பெட்டிக் கப்பல் கம்பெனிகளில் ஒன்றான எம்.எஸ்.ஸி., 2022-ஆம் வருஷத்தின் மத்தியிலிருந்து, எவருடைய உத்தரவுமில்லாமல் தன் கப்பல்களை 15 கடல் மைல் தெற்கே திருப்பிவிட்டது. லாப நஷ்டம் பார்க்காமல் நடக்கும் ஸ்தாபனமல்ல அது; கட்டுப்படியாகும் என்று கண்டுதான் செய்திருக்க வேண்டும். அந்தக் கம்பெனியைப் பாராட்டுகிறோம். ஆனால் ஆராய்ச்சி வெளியாகி ஆறு வருஷங்கள் கழிந்தும், அதிகாரபூர்வமான வழி அப்போது பழைய இடத்திலேயே இருந்தது என்பதையும் நினைவூட்டுகிறோம். ஒருவனுடைய நல்லெண்ணம் மற்றவனைக் கட்டுப்படுத்தாது. ஒரு கம்பெனி விலகிச் செல்ல, போட்டிக் கம்பெனி பழைய வழியில் விரைந்து செல்லுமானால், நல்லவனுக்கு நஷ்டமும் மற்றவனுக்கு லாபமும் என்றாகும். எல்லாரையும் ஒன்றுபோல் கட்டுவதற்குத்தானே சட்டம் இருக்கிறது?

அந்தச் சட்டத்தை இயற்றும் அதிகாரம் லண்டனிலுள்ள சர்வதேசக் கடல்சார் ஸ்தாபனத்துக்கு உண்டு. ஆனால் அது தானாக முன்வந்து செய்யாது; கரைநாட்டுச் சர்க்கார் முன்மொழிய வேண்டும். வக்கீல்கள் நன்கு அறிந்த ஒரு துர்ப்பாக்கியம் உண்டு: வழக்கு ஜெயித்து டிக்ரி வாங்கியவன், அதை அமல் நடத்த மனுப் போடுவோரில்லாமல் பெட்டியில் பூட்டி வைத்திருப்பது. தேவேந்திரமுனைத் திமிங்கிலங்களின் நிலை இதுவே. சாட்சிகள் விசாரிக்கப்பட்டாயிற்று, தீர்ப்பும் கிடைத்தாயிற்று. கொழும்புச் சர்க்கார் முறைப்படி முன்மொழிந்து அமலுக்குக் கொண்டுவருவதே பாக்கி.

அயல்நாட்டு விஷயம் நமக்கெதற்கு என்று எவரும் சொல்ல வேண்டாம். பாக் ஜலசந்தியும் சேதுத் திட்டும் ஆழமற்றவை. ஆகவே மும்பையிலிருந்தோ கொச்சியிலிருந்தோ சென்னைக்கு வரும் பெரிய கப்பல் தேவேந்திரமுனையைச் சுற்றித்தான் வரவேண்டும். நம் நாட்டுச் சரக்குப் பெட்டிகளில் கணிசமானவை கொழும்பில்தான் கப்பல் மாறுகின்றன. அந்த வழியில் செல்லும் பொருள் நம்முடையதாயிருக்கும்போது, அந்த வழியில் நேரும் மரணத்தில் நமக்குப் பங்கில்லை என்பது நியாயமாகாது. இலங்கை முன்மொழியும் நாளில் இந்தியா அதை ஆதரித்துக் கையொப்பமிட வேண்டும். அது வரையில் காத்திராமல், இந்தியக் கப்பல்கள் விலகிச் செல்லும்படி டில்லிச் சர்க்கார் இன்றே அறிவுரை கூறலாம்.

நம் வீட்டுக் கணக்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1973 ஜனவரியில் திருச்செந்தூர், மணப்பாடு பக்கத்துக் கரையில் 147 சிறுவகைத் திமிங்கிலங்கள் ஒதுங்கின. 2016 ஜனவரியில் அதே கரையில் எண்பதுக்குக் குறையாதவை மறுபடியும் ஒதுங்கின. மீனவர்கள் படகுகளில் கட்டி ஆழக்கடலுக்கு இழுத்துச் சென்று விட்டார்கள். விட்டவற்றில் சில திரும்பக் கரைக்கே வந்து மாண்டன. நமது கடற்கரை ஜனங்களின் ஈர நெஞ்சுக்கு வேறு அத்தாட்சி வேண்டாம். ஆனால் நம்மிடம் தெளிவாக இருப்பது கரையில் செத்தவற்றின் கணக்கே. கடலில் உயிரோடு செல்பவை எந்த மாதத்தில் எந்தத் துறைக்கு எதிரே காணப்படுகின்றன என்பதைக் கண்ணால் காண்பவர் மீனவர். அதை எழுதி வைப்பவர் சிலரே. ஒவ்வொரு மீன்பிடித் துறையிலும் ஒரு குறிப்புப் புத்தகம் வைத்து, கண்டவர் வந்து சொல்ல, சொன்னதை மீன்துறைச் சிப்பந்தி எழுதி, வருஷந்தோறும் பிரசுரித்தால் என்ன பெரிய செலவாகும்?

எழுதுவதை ஒரு நாளும் நிறுத்தவும் கூடாது. ஃபண்டி வளைகுடாவில் வழியை மாற்றிக் காப்பாற்றிய திமிங்கிலங்கள், சில வருஷங்களில் இரையைத் தேடி வடக்கே செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவுக்குப் பெயர்ந்தன. அங்கே பாதுகாப்பு இல்லாததால் 2017-இல் கனடாவின் கடலில் மட்டும் 12 மாண்டன. கடல் சூடேறும் இக்காலத்தில் திமிங்கிலம் நேற்று நின்ற இடத்தில் நாளை நிற்கும் என்பதற்கு உறுதியில்லை. கண்டு குறிப்பதும், குறித்தபடி விதியைத் திருத்துவதும் ஓயாமல் நடக்க வேண்டிய கடமைகள்.

பொய்க் கணக்கு எழுதி இந்தப் பிராணியை வேட்டையாடிய காலத்தை நாம் இகழ்கிறோம். மெய்க் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு வாளாவிருக்கும் காலத்தை நமக்குப் பின் வருபவர்கள் என்ன சொல்வார்கள்? கேட்கப்படுவது 15 மைல். இவ்வளவு பெரிய சமுத்திரத்தில் அந்த இடத்தை விட்டுக்கொடுக்க மனிதனுக்கு மனம் வராதா?