கீத் பெயரில் ஒரு வழக்கு



அமெரிக்கச் சட்ட மாணவர்கள் ‘கீத் வழக்கு’ என்று ஒன்றைப் படிக்கிறார்கள். கீத் என்பவர் அதில் வாதியும் இல்லை, குற்றம் சாட்டப்பட்டவரும் இல்லை. விசாரித்த நீதிபதி!

டேமன் கீத் 1922இல் டெட்ராய்ட்டில் பிறந்தவர். அடிமைகளாக இருந்தவர்களின் பேரன். இரண்டாம் உலகப் போரில் கறுப்பர்களுக்கென ஒதுக்கிய படைப்பிரிவில் பணியாற்றினார். 1949இல் சட்டப் பட்டம் வாங்கிய பிறகும், வழக்கறிஞர் தேர்வுக்குப் படித்துக்கொண்டே ஒரு பத்திரிகை அலுவலகத்தில் தரை துடைத்தார். 1967இல் அதிபர் ஜான்சன் அவரை மாவட்ட நீதிபதியாக்கினார்.

அடுத்த ஆண்டு, ஆன் ஆர்பர் நகர சி.ஐ.ஏ. அலுவலகத்தில் குண்டு வெடித்தது. கைதான ஒருவரின் தொலைபேசிப் பேச்சை அரசு வாரண்ட் இல்லாமலே ஒட்டுக்கேட்டிருந்தது. நாட்டின் பாதுகாப்புக்காகச் செய்ததற்கு நீதிமன்ற அனுமதி எதற்கு என்றது நிக்சன் அரசு. உள்நாட்டுக்காரர்களை ஒட்டுக்கேட்க நீதிபதியின் அனுமதி வேண்டும் என்று 1971இல் சொன்னார் கீத். பதிவுகளை எதிர்த்தரப்புக்குக் கொடுக்கவும் உத்தரவிட்டார். அரசு அவர் உத்தரவை எதிர்த்து ஆறாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போய்த் தோற்றது. 1972இல் உச்ச நீதிமன்றத்திலும் 8-0 என்று தோற்றது. 1977இல் அதிபர் கார்ட்டர் அதே மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குக் கீத்தை நியமித்தார்.

பதவி உயர்ந்ததும் பார்வைகள் மாறிவிடவில்லை. 1991இல் நீதித்துறை மாநாடு ஒன்றுக்குப் போனவரிடம், காரை நிறுத்தச் சொல்லிச் சாவியை நீட்டினார் ஒரு வெள்ளைக்காரர்.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின், நாடுகடத்தும் விசாரணைகள் சிலவற்றை அரசு மூடிய அறைக்குள் நடத்தியது. மூடிய கதவுகளுக்குப் பின்னால் ஜனநாயகம் செத்துப்போகும் என்று அதற்கு எதிரான 2002 தீர்ப்பில் எழுதினார் கீத். அப்போது அவருக்கு 80 வயது. 2019இல் 96 வயதில் காலமாகும்வரை நீதிபதியாகவே இருந்தார்.

அவர் அரசை வெறுத்தவர் அல்லர். அதிகாரம் காரணம் சொல்லட்டும், அதையும் எல்லோர் முன்னாலும் சொல்லட்டும் என்றார், அவ்வளவுதான். நீதிபதிகளுக்கும் இந்த விதி பொருந்தும். ஆகவே வாசகர்களே, அடுத்த முறை ஒரு பெரிய தீர்ப்பு வந்தால், யார் ஜெயித்தார் என்பதோடு செய்தியை மூடிவிடாதீர்கள். நீதிபதி சொன்ன காரணத்தையும் தேடிப் படியுங்கள். படித்ததில் உடன்பாடு இல்லையென்றால், எங்களுக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்