ழகரமும் ஒரு துளையின் இடமும்

சிதம்பரத்தில் நாமும் நண்பர்கள் சிலரும் மாதம் ஒருமுறை கூடிச் சங்கப் பாடல்கள் வாசிப்பதுண்டு. வாடகைக்கு வரும் ஒலிபெருக்கியில் வாழை வாளையாகிவிடும். முன்வரிசைக்குப் பழமாகச் சேர்ந்தது பின்வரிசைக்குப் பளமாகச் சேரும். நெடுங்காலம் வாசிப்பவரின் நாவையே நாம் குறைகூறி வந்தோம். ஆசிரியத் தொழிலில் இருப்பவர்க்கு அது எளிது.

ல, ள, ழ மூன்றையும் பிரித்தறியச் செய்யும் குறிகள் பெரும்பாலும் 1000 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் அமைகின்றன. ஒலியியலார் ஃபார்மன்ட் என்னும் செறிவுகளுள் மூன்றாவது, ழகரத்தில் கீழிறங்கி நிற்கும். பல பெட்டிகளில் மிட் ஸ்பீக்கர் விட்டு ட்வீட்டர் ஏற்கும் எல்லையும் இப்பகுதியிலேயே விழுகிறது. இரண்டும் தள்ளித்தள்ளி இருப்பதால், சில இருக்கைகளில் இரண்டின் அலைகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன.

இதற்கு அமெரிக்கப் பொறியாளர் டாம் டேன்லி கண்ட வழி அழகானது. கூம்பு ஒன்றே, உச்சியில் உயர் ஒலிக்கான டிரைவர். மிட் ஸ்பீக்கர்களைப் பக்கச் சுவர்களின் வெளியே பொருத்திச் சிறு துளைகள் வழியாக ஒலியை உள்ளே விடுகிறார். கேட்பவர்க்கு எல்லாம் ஒரே வாயிலிருந்து வரும். அவ்வகையில் ஒன்றைப் பிளைவுட்டில் நாமே செய்யத் துணிந்தோம். நான்கு அங்குல ஸ்பீக்கர்கள் நான்கு. உச்சியருகே அவற்றின் சட்டங்கள் முட்டிக்கொண்டதால், வசதியாக 12 செ.மீ. தள்ளித் துளையிட்டோம். குரல் உள்ளீடற்று ஒலித்தது.

காரணம் எளிய கணக்குதான். துளைவழி வரும் ஒலி வாயை நோக்கி மட்டும் போவதில்லை. உச்சியை நோக்கியும் சென்று, அங்கே மோதித் திரும்புகிறது. அந்தத் தொலைவு அலைநீளத்தில் காற்பங்கானால், திரும்பிய அலை எதிர்முகமாக வந்து புதிய அலையை அழிக்கும். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் செல்லும். 12 செ.மீ.க்கு அந்தப் பள்ளம் 727 ஹெர்ட்ஸில் விழுகிறது. நாம் மிட் ஸ்பீக்கரிடம் கேட்டதோ 1200 வரை. அதற்குத் துளை 7 செ.மீ.க்குள் இருந்தாக வேண்டும், அதுவும் டிரைவரின் உள்குழலையும் சேர்த்து அளந்தால்.

ஈக்வலைசரில் அந்த இடத்தை ஏற்றிவிட்டால் போதும் என்றார் மைக்செட் வைத்திருக்கும் நண்பர். நாம் உடன்படவில்லை. ஏற்றினால் போகும் அலையோடு திரும்பும் அலையும் அதே அளவு ஏறும். அழிவு அழிவாகவே நிற்கும், ஸ்பீக்கர்தான் சூடேறும். மரத்தில் செய்த பிழையை மின்சாரத்தால் திருத்த முயல்வது நம்மவர்க்குப் பழகிப்போன நோய். வெளிநாட்டு வரைபடத்தை அப்படியே படியெடுப்பதும் உதவாது; டிரைவர் மாறினால் அளவும் மாறும்.

துளையின் இடம் என்பது இம்மண்ணுக்குப் புதிய சிக்கலா? நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவ்வூர் ரங்கநாதன் ஆசாரி, டி. என். ராஜரத்தினம் பிள்ளைக்காக நீண்ட பாரி நாயனம் செய்தவர். நீளம் கூடினால் துளைகளுக்கும் புது இடம் தேடத்தான் வேண்டும். (ஒப்புமையை அதிகம் இழுக்கக் கூடாது, அங்கே துளை காற்றுத்தம்பத்தின் நீளத்தை மாற்றுகிறது, இங்கே ஒலியை உள்ளே விடுகிறது.) அத்தகைய அறிவு கைவழியே வந்து கைவழியே போவதும், எழுத்தறிந்த நாம் அதைக் குறித்துவைக்காததும் நமக்கு உறுத்தலாகவே இருக்கின்றன.

பழைய துளைகளை மரத்தூளும் பசையும் கொண்டு அடைத்தோம். கூம்பின் மூலைகளில் 6 செ.மீ.யில் புதிய சிறு துளைகள். ஸ்பீக்கரின் நடுவைத் துளைக்கு நேராக வைக்க வேண்டியதில்லை, விளிம்புப் பகுதி துளைமேல் வந்தால் போதும் என்று தச்சர்தான் காட்டினார், சட்டங்களும் முட்டவில்லை. சென்ற கூட்டத்தில் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டோம். யாழும் வாழையும் பிழையின்றி வந்தன. வாசித்தவர் ஓரிடத்தில் ‘பவழம்’ என்பதைப் ‘பவளம்’ என்றார். அது அவர் நாவின் வேலையே.