வடுவும் வாழ்வும்

வருங்காலத்தில் தோன்றக்கூடிய கொடுங்கோல் நாடொன்றைக் கற்பனையிற் படைத்து, அங்கு அல்லலுறும் இளைஞரின் கதையை இளைஞர்க்கே கூறும் நூல்கள் இந்நூற்றாண்டில் பெருகியுள்ளன. அவற்றுட் பலவற்றில் தலைவன் போரிடுவான், புண்படுவான், வெல்வான். வென்ற மறுநாளே புண்ணெல்லாம் ஆறிவிடும். உடற்புண் அவ்வாறு ஆறினும் ஆறலாம். உள்ளத்துப் புண் ஆறுமோ?

இவ்வினாவை ஒதுக்காது எழுதியவர் அமெரிக்க எழுத்தாளர் சூசன் காலின்ஸ் அம்மையார். அவர் சிறுமியாயிருந்தபோது, வான்படை அலுவலரான தந்தையார் வியத்நாம் போருக்குச் சென்றார். தொலைவில் நிகழும் போர் வீட்டினுள்ளும் நுழையும் என்பதை அவர் அன்றே கண்டார். 2008-இல் வெளிவந்த 'ஹங்கர் கேம்ஸ்' முதல் 2010-இல் வெளிவந்த 'மாக்கிங்ஜே' வரை மூன்று நூல்களாக அமைந்தது அவர் எழுதிய கதை.

கதையில் வரும் நாடு பானெம். அதன் தலைநகர், தனக்கு அடங்கிய 12 மாவட்டங்களினின்றும் ஆண்டுதோறும் ஒரு சிறுவனையும் ஒரு சிறுமியையும் திருவுளச்சீட்டால் எடுத்து, 24 பேருள் ஒருவர் எஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்லச் செய்யும். அக்கொடுமையைத் தொலைக்காட்சியில் விழாவெனக் காட்டும். 12 வயதுத் தங்கை பிரிமின் பெயர் சீட்டில் வரவே, 16 வயதுக் காட்னிஸ் அவளுக்கு மாற்றாகத் தானே களம் புகுகின்றாள். அவள் பிழைக்கின்றாள், பின்னர் மூண்ட போரில் தலைநகரும் வீழ்கின்றது. ஆயினும், காயமுற்ற சிறுவர்க்கு உதவச் சென்ற பிரிம், தமக்கையின் கண்முன்னே வெடிகுண்டுக்கு இரையாகின்றாள்.

வீரமங்கை மூன்றாம் நூலில் சோர்ந்து கிடக்கின்றாளே என்று குறை கூறுவோர் உளர். அக்குறை பொருந்தாது. முன்னரே களத்தில் வென்ற ஹேமிட்ச் என்பவன் ஓயாது குடிப்பதையும், கையிற் கத்தியுடன் உறங்குவதையும் முந்தைய நூல்களிலேயே ஆசிரியர் காட்டி வந்தாரன்றோ? இத்துணைக் கொடுமை இளைஞர் நூலுக்கு ஆகாது என்பாரும் உளர். போரில் வீட்டை இழந்த சிறுவன், வென்றவுடன் துயர் தீரும் கதையைப் படித்தால், "எனக்கு மட்டும் ஏன் ஆறவில்லை? குறை என்னிடமோ?" என்று எண்ணானோ? இனிக்கும் பொய்யே அவனுக்குப் பெருந்தீங்கு.

ஆறும் வகையையும் ஆசிரியர் மெல்லக் காட்டுகின்றார். பகைவர் குளவி நஞ்சேற்றிப் பீட்டா என்னும் இளைஞனின் நினைவைத் திரித்து விடுகின்றனர். தன் நினைவைத் தானே நம்பவியலாத அவன், "இது மெய்யா, பொய்யா?" என்று உடனிருப்போரைக் கேட்கின்றான், அவர்கள் உள்ளது உள்ளவாறு விடையிறுக்கின்றனர். மருத்துவர் தொலைபேசியில் அழைத்தும் காட்னிஸ் நெடுநாள் எடுப்பதில்லை. ஒருநாள், பிரிமின் பூனை நெடுந்தொலைவு கடந்து, பாழ்பட்ட பழைய ஊருக்கு வந்து சேர்கின்றது. காட்னிஸுக்கு அப்பூனையை என்றும் பிடிக்காது. பூனைக்கும் அவளைப் பிடிக்காது. பிரிம் இறந்தாள், இனி வாராள் என்று அதனிடம் கூவியபோதுதான் அடைபட்ட அழுகை உடைகின்றது. அன்றிரவு அப்பூனை அவளருகே காவலிருக்கின்றது.

பின்னர் அவளும் பீட்டாவும் இறந்தோரைப் பற்றி நூலொன்று தொகுக்கின்றனர். அவன் படம் வரைகின்றான், அவள் எழுதுகின்றாள், ஹேமிட்சும் துணை நிற்கின்றான். பிள்ளை பெறும் துணிவு அவளுக்கு வர 15 ஆண்டுகள் ஆகின்றன. தீக்கனவுகள் அதன் பின்னும் வருகின்றன. அத்தகைய நாள்களில், பிறர் செய்யக் கண்ட நற்செயல்களை ஒவ்வொன்றாக மனத்துள் எண்ணுகின்றாள். ஆண்டுகள் பல கடந்தமையால் அது சற்றே சலிக்கின்றது. அவள் அதனை விட்டாளில்லை.